பெரியவனுக்குச் சரியில்லை

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் இன்னும் எங்களோடு முழுதாகச் சேரவில்லை, படிக்கட்டைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சௌக்கியமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். "ரெண்டு பேரும் சேந்து போட்ட நாடகம் போதும்பா" என்று நீ அனுப்பியதை அம்மாவிடம் காட்டவில்லை. போனில் பதில் சொன்னால் நீயோ நானோ பாதியில் சூடாகிவிடுவோம், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், பிறகு நீயே முடிவு செய்துகொள்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டோடு இருக்க வேண்டி வந்ததும் அம்மா பால்கனியில் மூன்று தொட்டிகளில் தக்காளி வைத்தாள். உயரமாகக் கிளம்பியதற்குப் பெரியவன், அடுத்ததற்குச் சின்னவன், ஓரத்தில் குட்டையாக நின்றதற்குக் கடைக்குட்டி என்று பெயர். உங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய வாய், வேறு பெயருக்கு எங்கே போகும். காலையில் சின்னவன் பூ விட்டிருக்கிறான் என்பாள், நான் பேப்பரிலிருந்து தலை எடுக்காமல் நல்லது என்பேன். போகப் போக எனக்கும் அதுவே வந்துவிட்டது. மழை விட்ட வாரத்தில் பெரியவனின் அடி இலைகள் மஞ்சளாயின, அதில் பழுப்புப் புள்ளிகள், உற்றுப் பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாக இருக்கும். அங்கிருந்து ஒவ்வொரு இலையாக மேலே ஏறியது. நாற்று விற்ற அம்மாளுக்குப் போட்டோ அனுப்பினோம். இலைக்கருகல், பூஞ்சை, மண்ணில் விழும் தண்ணீர் தெறித்து அடி இலையில் ஏறியிருக்கும் என்றார். அம்மாவோ குனிய முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஹோஸை எடுத்துத் தலையோடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. ராத்திரி முழுக்க இலை ஈரமாகவே கிடந்திருக்கிறது. தன்னால்தான் என்று அவள் அன்று சாப்பிடக்கூட இல்லை. அப்போதுதான் உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை, குரலைப் பதிந்து அனுப்பினேன். இப்போது அதைத் திரும்பப் போட்டுக் கேட்டேன்: "பெரியவனுக்குச் சரியில்லப்பா. மஞ்சள் ஏறிக்கிட்டே போகுது, தேற மாட்டான் போல. பக்கத்துல யாருக்கும் ஒட்டக் கூடாதுன்னு தனியா வெச்சிருக்கோம். அம்மா சாப்பிடவே இல்ல." இதில் எங்கேயும் செடி என்ற வார்த்தை இல்லை. யார், எங்கே, எப்போது என்று கேட்டுப் பத்திரிகை ஆபீசில் நிருபர் பிள்ளைகளின் உயிரை எடுத்தவன் நான். அண்ணனுக்கு மஞ்சள் காமாலை என்று நீ நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நாடகம் இல்லையப்பா. உன் அம்மாவுக்கு ஒரு பொய்யை அடுக்களையிலிருந்து வாசல்வரை கொண்டுவரத் தெரியாது, வழியிலேயே சிரித்துக் கொட்டிவிடுவாள்.

நீ அண்ணனைக் கூப்பிட்டதே அவன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அம்மாவின் ஆபரேஷன் சமயத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு "போன்ல பாசம் காட்டுறது சுலபம்டா" என்று அவன் உன்னிடம் சொன்ன நாளிலிருந்து நீங்கள் பேசிக்கொள்வதில்லை. தூக்கம் இல்லாமல் வாய் தடித்துப் போயிருந்தது அவனுக்கு. ஆனாலும் அது தவறு என்று அன்றைக்கே சொன்னேன். திடீரென்று உன் பெயர் போனில் வந்ததும் அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து எடுத்தானாம். நீ எடுத்த எடுப்பில் டாக்டர் என்ன சொன்னார், கண் மஞ்சளாக இருக்கிறதா என்றாயாம். கடையில் ஒரு பம்ப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவன், கிரீஸ் கையோடு எழுந்துபோய்க் கண்ணாடியில் கண்ணை இழுத்துப் பார்த்துக்கொண்டானாம். அதை அவன் சொல்லும்போது அம்மா சிரித்த சிரிப்பில் முழங்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. செடிதான் என்று தெரிந்ததும் நீ போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அம்மா எப்படித் தண்ணீர் விடுகிறாள் என்று கேட்டு, குனியாமல் ஊற்ற ஒரு பைப் நட்டுக்கொடு என்றாயாம்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டான். கடையில் மிஞ்சிய பிளாஸ்டிக் பைப்பை இடுப்பளவுக்கு அறுத்து, அடிப்பக்கம் துளை போட்டு, ஒவ்வொரு தொட்டியிலும் ஓரமாக மண்ணுக்குள் இறக்கி, தலையில் ஒரு புனல் வைத்தான். இப்போது அம்மா காலையில் நின்றபடியே ஊற்றுகிறாள், நேரே வேருக்குப் போகிறது, இலையில் ஒரு சொட்டு படுவதில்லை. பெரியவனைக் காப்பாற்ற முடியவில்லை. வேரோடு எடுத்துப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டோம். காய்கறித் தோல் மக்கும் வாளியில் போட்டால் நோய் அங்கேயே குடியிருந்துவிடுமாம். மற்ற இரண்டுக்கும் மண்ணைத் தொடும் இலைகளை நறுக்கி, மண் தெறிக்காமல் காய்ந்த புல்லைப் பரப்பி, காற்று நுழையத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறோம். ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் கத்தரிக்கோலைச் சோப்புப் போட்டுக் கழுவுவது என் வேலை. சின்னவனில் ஒரு இலையில் புள்ளி வந்தது, உடனே எடுத்துவிட்டோம், அதற்கப்புறம் இல்லை. காய்கள் பிடித்திருக்கின்றன. நீயும் ஜன்னலோரத்தில் ஏதாவது வளர்த்தால் இதையெல்லாம் நினைவில் வை. பைப்பை இறக்கி முடித்துக் கை கழுவும்போது அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "போன்லயும் சில வேலை நடக்கத்தான் செய்யுதுப்பா." அவனிடமிருந்து மன்னிப்பு என்று வந்தால் இதைவிட நீளமாக வராது, அவனைப் பிறந்ததிலிருந்து தெரியும் எனக்கு. செருப்பை மாட்டிக்கொண்டே அங்கே இப்போது மணி என்ன என்று கேட்டான். நடுராத்திரி என்றேன். கையில் எடுத்த போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். நேற்று வந்தபோதும் கேட்டான், அப்போது நீ வேலையில் இருக்கும் நேரம். நீ அனுப்பிய நாடகம் என்ற வார்த்தையை அவனிடமும் நான் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை.

குளிர் தொடங்கிவிட்டால் காதை மூடிக்கொண்டு வெளியே போ. அம்மாவும் நானும் உன்னை மனதார வாழ்த்துகிறோம், எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே: எந்த நேரத்தில் கூப்பிட்டால் உனக்குத் தோதாக இருக்கும் என்று ஒரு வரி எழுது. எனக்கு வேண்டாம், அண்ணனுக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள
அப்பா