வெயில் அடித்த வாரம்

இறம்பொடை,
16 ஜூலை 1961, ஞாயிறு.

அன்பு மகள் பிலோமினாவுக்கு,

அன்னை மரியாளின் துணையால் இங்கே நலம். நீயும் மருமகனும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

உன் கடிதம் திங்களன்று கிடைத்தது. தேதி போடவில்லை. நிறைமாதக்காரி என்பதால் மன்னிக்கிறேன். மழையில் பாதை மூடிவிட்டது, தலைப்பிரசவத்துக்கு இங்கே வரவேண்டாம் என்று நான் எழுதியதைப் படித்து அழுதாயாம். உன் மாமியார் மாத்தளையிலேயே மருத்துவச்சியை ஏற்பாடு செய்துவிட்டாராம். ஆகவே இந்த வாரத்து வானிலையை உள்ளபடி எழுதுகிறேன்.

திங்கள் நல்ல வெயில். செவ்வாய் காலையில் மூடுபனி. பத்து மணிக்கெல்லாம் விலகியது. எதிர்மலையில் கொழுந்து பறிப்பவர்களை இங்கிருந்தே எண்ணிவிடலாம். புதன் சிறு தூறல், குடை விரிக்குமுன் நின்றது. வியாழன் மறுபடியும் வெயில். நான் எழுதியதுபோல் வழியில் புஸ்ஸல்லாவையில் மண் சரியவில்லை. இந்த மாதம் எங்குமே சரியவில்லை. நான் எழுதியது பொய்.

ஒரு பொய்க்காக உன்னை முழந்தாளில் நிறுத்தியவள்தான் இதை எழுதுகிறேன்.

உன்னைக் கொண்டுவந்து விட்டு ஒரு மாதம் கூடவே தங்கப்போவதாக உன் மாமியார் முன்பு எழுதியிருந்தார். எங்கே தங்குவார்? ஈஸ்டர் முடிந்ததும் தோட்டத்து வீட்டை, அப்பாவின் வேலைக்கு வந்த புதிய கிளாக்கருக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டேன். அப்பா போனபின் அது நமக்குரியதல்ல. கடிதங்களைத் தபால் கந்தோரில் நானே வாங்கிக்கொள்வதால் உனக்குத் தெரியவில்லை. இப்போது கடைவீதியில், ஹலீம் முதலாளியின் புடவைக்கடைக்குப் பின்னால் ஓர் அறை. ஒரு கட்டில். உன் கல்யாணப் பேச்சுக்கு நம் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து வெள்ளிக் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அம்மாள் இதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன்.

வியாழனன்று துணி காயப்போட வந்த ஹலீமின் மனைவி ரஸீனா, “கிளாக்கரம்மா, மகளுக்குத் தலப்புள்ளயாமே, கூட்டிட்டு வரலியா?” என்று கேட்டாள். பாதை மூடியிருக்கிறது என்றேன். “மூடியா? எங்க லொறி கண்டிக்குப் போய்ட்டு இப்பதானே வந்து நிக்குது! கொன்வென்டுல எல்லாம் படிச்சீங்க, பொய் மட்டும் படிக்கலியே!” என்று சிரித்தாள். இந்த வாரம் ஒருவர் என்னோடு சிரித்துப் பேசியது அப்போதுதான். பிறகு மெதுவாக, “எங்க முன்னறைய ஒழிச்சுத் தாறேம்மா. தலப்புள்ளய தாய்க்கிட்ட பெறாம வேற எங்க பெறுவா?” என்றாள். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

வெள்ளி முழுதும் காற்று. நேற்றுப் பின்னேரம் உண்மையாகவே மழை பிடித்துவிட்டது; இன்னும் விடவில்லை. இனிப் பாதை மூடிக்கொண்டால் நான் எழுதுவதை யார் நம்புவார்கள்? அதற்குமுன் உன்னைச் சேரவேண்டும் என்று இதைத் தபாலில் சேர்க்காமல் ஹலீமின் லொறிக்கார ஆண்டியப்பனிடம் தருகிறேன். நாளை மாத்தளைக்கு வருகிறவர் உன் கையிலேயே கொடுப்பார். கிடைத்த அன்றே மருமகனிடம் சொல்லிக் கார் பிடித்துப் புறப்படு. உன் மாமியாரையும் கட்டாயம் அழைத்து வா; ரஸீனா தரும் முன்னறை இருக்கிறது. அவரிடம் நீ எதுவும் சொல்லவேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன்.

இத்தனை வருடமும் உனக்குக் கட்டளையிட்டே பழகிவிட்டேன். இப்போது கேட்கிறேன், மகளே. என்னிடம் வந்து பெற்றுக்கொள்.

உன் நெற்றியிலும் வயிற்றிலும் சிலுவை அடையாளமிட்டு ஆசீர்வதிக்கும்,
அம்மா
ஆக்னஸ் செபமாலை