சந்திரவாசிக்கு ஒட்டிய மீசை

மகனே,

என் நாவலின் சந்திரவாசிக்கு நீ எடுத்த படத்தில் மீசை ஒட்டி, சேலை கட்டி, ஊர் சிரிக்க ஆடவிட்டாய். ஆணா பெண்ணா என்று யாரும் கேட்காத உலகம் அது. அங்கே தம்மை எந்த முறை சொல்லி அழைப்பது என்று அவரவரே சொல்வார்கள். உன் அக்காவுக்காக எழுதினேன். நீ இன்னமும் அவளை அண்ணன் என்கிறாய்.

கண்டித் தியேட்டரில் என் பக்கத்தில்தான் இருந்தாள். எல்லாரும் சிரித்து முடித்ததும், "விடுங்கப்பா, தம்பி சின்ன வயசிலயும் என்னைய இப்படித்தான் நக்கல் அடிப்பான்" என்றாள்.

"சிரிக்கலன்னா படம் ஓடாதுப்பா" என்று போனில் சொன்னாய். ஓடாமலே போகட்டும்.

அந்த ஆட்டத்தை நீயே வெட்டு. போஸ்டரிலிருந்து என் பெயரை உன் தயாரிப்பாளர் எடுக்கட்டும். பிறகு மஹய்யாவவில் அவள் இருக்கும் வீட்டு வாசலில் நின்று, "அக்கா" என்று கூப்பிடு. கதவைத் திறப்பதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்யட்டும்.

உங்கள் இருவருக்கும்
அப்பா