வான்கோழி சாசேஜ்

அன்புள்ள அப்பா,

நெஞ்சு வலி தேவலையா? அலாஸ்காவில் எனக்கு ஒரு குறையுமில்லை.

நீங்கள் அனுப்பிய சேஜ் வாசனை இலையை வான்கோழிக் கொத்துக்கறியில் பிசைந்து, மீன் ஆலைச் சமையலறையில் காலைக்கு சாசேஜை வட்ட வட்டமாகத் தட்டினேன். நம் வீட்டுப் பழக்கத்தில் எண்ணெய் தடவாமல் போட்டேன். பன்றிக்கறியா, தானே கொழுப்பு விட? சட்டியோடு ஒட்டிக்கொண்டது.

"பன்னி வளர்க்கிறவரு பொண்ணு எண்ணெயையே மறந்துட்டாடா!" என்று கத்திய, என்னோடு வேலை செய்யும் ஹார்லன்தான் மறுபடி மறுபடி கேட்டு வாங்கித் தின்றான்.

நானும் சிரித்தேன். ஆனால் என் தட்டிலிருந்ததையும் அவன் பக்கம் தள்ளிவிட்டேன். டாக்டர் பன்றிக்கறியை நிறுத்தியதிலிருந்து நீங்கள் வெறும் ரொட்டிதானே தின்கிறீர்கள்? உங்களுக்குச் செய்து தர வேண்டியதை யார் யாருக்கோ செய்துகொண்டிருக்கிறேன்.

இன்னும் கொஞ்சம் சேஜ் அனுப்புங்கள். வேண்டாம், உங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள். வான்கோழிக்கறி வாங்கி நீங்களே தட்டிப் பாருங்கள். எண்ணெய் தடவ மறக்காதீர்கள், அப்பா. பக்கத்தில் நின்று சொல்ல நானில்லை.

வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள்.

உங்கள் வெர்னா