கன்றுக்குட்டி தின்ற பக்கங்கள்

தகரப் பெட்டி நிறையப் புத்தகத்தோடு எங்கள் சந்தைக்கு வந்த என் சரோஜாம்மாவுக்கு,

வண்டிக்கார மாரப்பன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் வாயில் போட்ட வெற்றிலை கரைந்துவிடுகிறது. ஆனாலும் நானே எழுதுகிறேன் அம்மா! அதை நினைத்தால் இந்த வயதிலும் குதிக்கத் தோன்றுகிறது. அடுத்த நிமிடமே தலை தானாகக் குனிந்துகொள்கிறது.

திரும்பி வராத அந்த ஒரு புத்தகம் என்னிடம்தான் இருந்தது. அதிலும் பாதிதான் இருந்தது.

நீங்கள் வேலைக்கு வந்த கதையை வண்டியில் வரும்போது எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்! ஓசூர் ரோட்டு மாட்டுப் பண்ணையில் டாக்டர்களின் புத்தகங்கள் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே எலி கடித்துக் கிடந்தனவாம். பட்டணத்தில் புத்தகசாலைப் படிப்பு முடித்து வந்த உங்களுக்கு உட்கார ஒரு நாற்காலிகூட இல்லையாம். "மாட்டு ஆஸ்பத்திரிக்கு லைப்ரரி என்னாத்துக்கும்மா? மாடு வந்து படிக்கப் போகுதா?" என்று ஒரு டாக்டர் கேட்டாராம். "மாடு படிக்காதுங்க சார். அதனாலதான் நீங்க படிக்கணும்" என்றீர்களாம். இதைச் சொல்லிவிட்டு நீங்கள் சிரிக்கும் சிரிப்பில் என் காளைகள் காதை விடைத்துக்கொள்ளும்.

மாட்டுக்கு ஒரு தட்டு, ஆட்டுக்கு ஒரு தட்டு, கோழிக்கு ஒரு தட்டு என்று நீங்களே அடுக்கினீர்கள். எங்கோ ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் ஒருவர் இன்ன நோய் என்று எழுதிக் கேட்டால், அதற்கான புத்தகம் அடுத்த பஸ்ஸில் கண்டக்டர் கையில் போய்விடும். அப்படி ஒரு வேலையை எங்கள் சீமையில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அதோடு நின்றிருந்தால் உங்களுக்கு வம்பு இல்லை. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் உங்கள் கையால் எழுதி, அட்டை ஒட்டி, மாடு வளர்க்கிறவர்களுக்கும் கொடுப்பேன் என்றீர்கள். பண்ணை ஆபீசர் ஒப்பவில்லை. "மாட்டுக்காரன் கைக்குப் போன புத்தகம் திரும்பாது. ஒண்ணு வராட்டியும் பெட்டியைப் பூட்டிடுவேன்" என்றார். நீங்கள் சரி என்றீர்கள். எங்களை நம்பித்தானே அம்மா சரி என்றீர்கள்?

சாமல்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்குவீர்கள். பெட்டியை நான் வண்டியில் ஏற்றுவேன். கல்லாவி சந்தையில் கயிற்றுக் கடைக்குப் பக்கத்தில் கோணியை விரித்து உட்கார்ந்துகொள்வீர்கள். தெலுங்குக்காரரிடம் தெலுங்கு, கன்னடக்காரரிடம் கன்னடம். "மருந்து இருக்குதாம்மா?" என்று கேட்டு வருகிறவனை, "மருந்து டாக்டர்கிட்ட. எங்கிட்ட விஷயம்தான்" என்று உட்கார வைத்துவிடுவீர்கள்.

ஒருநாள், "என்னா பெரியப்பா, ஊருக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிட்டு வர்றீங்க, நீங்க ஒண்ணும் எடுக்கலையே?" என்றீர்கள். "எனக்கு மாட்டை ஓட்டத்தான் தெரியும், எழுத்தை ஓட்டத் தெரியாதும்மா" என்றேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். அந்த வாரமே முதியோர் பள்ளியில் போய் உட்கார்ந்தேன். "மாமா, சிலேட்டு உடைஞ்சா அழுதுகிட்டு வராதீங்க" என்று மருமகள் கேலி செய்தாள்.

பெட்டியின் மேல் எழுதியிருந்த 'கால்நடை'யை நான் எழுத்துக் கூட்டிப் படித்த அன்று, 'கன்று வளர்ப்பு' என்று நீங்கள் எழுதிய புத்தகத்தை என் மடியில் வைத்தீர்கள். மருமகளுக்குப் பயந்து மாட்டுக் கொட்டகையில்தான் படித்தேன். சீம்பால் பக்கத்துக்கு வந்தபோது எங்கள் மாடு கன்று போட்டது. நஞ்சுக்கொடி விழுகிறவரை கன்றைத் தாய்மடியில் ஊட்ட விடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். விழும்வரை காத்திருக்காதே, உடனே சீம்பாலைக் கொடு என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். "கெழவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்று என் வீட்டுக்காரி கத்தினாள். நான் கொடுத்தேன். முந்தின ரெண்டு கன்றும் தங்கவில்லை, இது தங்கியது.

சந்தையில் ஓடி வந்து சொன்னேன். "எது வரைக்கும் படிச்சீங்க பெரியப்பா?"

"சீம்பால் வரைக்கும்."

"முக்கியமானது அதுக்கப்புறம்தான் இருக்குது. மெதுவா வாங்க, அவசரமில்ல."

மெதுவாகத்தான் வந்தேன் அம்மா. ஒரு மத்தியானம் புத்தகத்தைத் தீனித்தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் இறைக்கப் போனேன். திரும்பி வந்தால் கன்று அசை போட்டுக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஒட்டிய கஞ்சிப் பசையின் வாசம் அதைக் கூப்பிட்டிருக்கிறது. உங்கள் புத்தகத்தால் பிழைத்த கன்று உங்கள் புத்தகத்தையே தின்றுவிட்டது. நான் படிக்காத பாதி முழுவதும் போச்சு.

அடுத்த சந்தையில் எந்த முகத்தோடு சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வரவில்லை. உங்களைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது என்ற சேதியோடு கண்டக்டர் வந்தார்.

உங்களைக் கிடத்தியிருந்த பண்ணைக்கு வந்தேன் அம்மா. வாசல் கேட் வரைக்கும் வந்தேன். தெலுங்குக்கார முனியம்மா மாலையோடு, துணியில் சுற்றிய உங்கள் புத்தகத்தையும் நெஞ்சோடு அணைத்து உள்ளே போனாள். உள்ளே ஆபீசர் நின்றிருந்தார். உன் புத்தகம் எங்கே என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டால்? உங்கள் முகத்தைப் பார்க்காமலே திரும்பி நடந்தேன். கன்று தின்றதுகூட விபத்து. இதை என்னவென்று சொல்வேன்?

அப்புறம் எல்லாப் புத்தகங்களும் திரும்பின, ஒன்றைத் தவிர. பெட்டிக்குப் பூட்டு விழுந்தது. "எந்தப் பாவி வச்சிருக்கான்?" என்று சந்தையில் என்னிடமே கேட்டார்கள். பொறுக்க முடியாமல் பாதிப் புத்தகத்தைக் கொண்டுபோய் ஆபீசர் மேசையில் வைத்தேன்.

"மீதி எங்கய்யா?"

"கன்னுக்குட்டி தின்னுட்டுதுங்க."

பக்கத்தில் இருந்த டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாடு வந்து படிக்கப் போகுதான்னு அந்தம்மாவைக் கேட்டவன் நான்தான்" என்றார். அதற்கு மேல் சிரிக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இங்கிலீஷ் புத்தகம் இருக்கிறது, ஆனால் நம் ஊர் வழக்கம் பார்த்து நீங்கள் சேர்த்ததெல்லாம் அதில் இல்லை என்றும் அவரே சொன்னார். ஆபீசர் பாதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "முழுசாக்கிக் கொண்டா. டாக்டர் பார்த்து சரின்னா பெட்டியைத் திறக்கறேன்" என்றார்.

எனக்கு முன்னால் அதைப் படித்தவர்கள் வீட்டுக்கெல்லாம் இப்போது நான் ஏறி இறங்குகிறேன். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன். முனியம்மா 'ஜுன்னுப்பாலு' என்றுதான் சொல்கிறாள். நான் சீம்பால் என்று எழுதுகிறேன். கன்றுக்கு வயிற்றுப் பூச்சி மருந்து எப்போது கொடுப்பது என்று அவளுக்கும் பர்கூர் பக்கத்து மாட்டுக்காரருக்கும் சண்டை. "அம்மா எங்கிட்ட சொன்னாங்க" என்கிறாள் அவள். "எங்கிட்ட எழுதியே காட்டினாங்க" என்கிறார் அவர். ரெண்டையும் எழுதிவிட்டேன். எது சரி என்று டாக்டர் சொல்லட்டும். உங்களை இவர்கள் எல்லாரும் கடைசிவரை படித்திருக்கிறார்கள். பெட்டியைச் சுமந்த நான்தான் பாதியில் நிற்கிறேன்.

கடைசி ரெண்டு பக்கம் மட்டும் யாருக்கும் நினைவில்லை. பள்ளி வாத்தியார் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டார். ஊரெல்லாம் என் மானம் போகுமே என்று முதலில் கூசியது. பிறகு அனுப்பச் சொன்னேன். அந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்தவர் எவராவது இதைப் பார்த்து, கடைசியில் என்ன இருந்தது என்று சொல்ல மாட்டார்களா?

கன்று நன்றாக இருக்கிறது. எட்டக் கட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இந்த முறை கஞ்சிப் பசை கிடையாது, நூலால் தைப்பேன். பூட்டைத் திறக்க வைத்து, பெட்டியை என் வண்டியில் ஏற்றி, கயிற்றுக் கடைக்குப் பக்கத்தில் கோணியை நானே விரிப்பேன். எது வரைக்கும் படிச்சீங்க என்று நீங்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. முடிவு வரைக்கும் அம்மா என்று உங்களுக்குப் பதில் சொல்லாமல் நான் கண்ணை மூட மாட்டேன்.

நீங்கள் வாய் நிறையக் கூப்பிட்ட பெரியப்பா,
மாரப்பன்