சுவர் ஏறிக் குதித்த ஆடு

அய்ன் ஸித்ரா, 4 அக்டோபர்

அன்புள்ள டாக்டர் ராவ்தா அவர்களுக்கு,

சுந்துஸின் ஸலாம். வீட்டில் எல்லோரும் நலம், அப்பாவைத் தவிர. அவரும் உடம்பளவில் நலம்தான்.

நீங்கள் தரும் ஆலிவ் பிண்ணாக்குக் கட்டிகளை ஆடுகள் ஆசையாக நக்குகின்றன. மழையில்லாத இந்த வருடத்தில் அவைதான் ஆடுகளை நிற்க வைத்திருக்கின்றன. ஆனால் கூட்டுறவுக் கடைச் சுவரில் நீங்கள் மாட்டிய பலகையைப் பற்றி ஒரு சிறிய குறை. யார் வீட்டு ஆடு எவ்வளவு எடை கூடியது என்று பெயரோடு எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீடுதான் முதலில். அப்பா சிரிக்கும் படமும் இருக்கிறது.

பக்கத்து வீட்டு ஜாஸியா மாமி அதைப் பார்த்துவிட்டு, அப்பாவிடம், “ஏ லாரூசி, நீ வளக்கிறது ஆடா, கன்னுக்குட்டியா?” என்றார். கண் படாமலிருக்கச் சொல்லும் மாஷா அல்லாஹ்வைச் சொல்லவில்லை. மறுநாள் எங்கள் கிடா நொண்டியது. சித்தப்பா தன் மகன் கல்யாணத்துக்கு அதே கிடாவைக் கேட்கிறார். அப்பா கண்ணேறு கழியக் கொட்டகை வாசலில் இன்னொரு மீன் வாலைத் தொங்கவிட்டு, கையை விரித்துக் காட்டி, “அஞ்சு வெரலும் அந்தப் பலகை கண்ணுல!” என்கிறார். பலகைக்குக் கண் இல்லை என்றேன். “ஊர்க்கண்ணு பூரா அதுலதானடி இருக்கு” என்றார்.

பணிவுடன்,
சுந்துஸ்

ஆட்டு ஆராய்ச்சி நிலையம், 15 அக்டோபர்

அன்புச் சுந்துஸ்,

பலகை பாராட்டுக்காக மாட்டியது, அப்பாவிடம் சொல். கிடாவின் குளம்பைப் பார், கல் இருக்கும்.

என் கவலை வேறு. போன வாரம் எடை போட்டதில் உங்கள் தெரு ஆடுகள் எல்லாமே இளைத்திருக்கின்றன. கட்டிகளால் பயனில்லை என்று எழுதிவிட்டு, பனிக்காலத்துக்கு முன்பே அவற்றை நிறுத்தச் சொல்கிறார் இயக்குநர். என்னம்மா நடந்தது? தராசுக்குப் பக்கத்தில் நிற்பவள் நீதானே?

அன்புடன்,
ராவ்தா

அய்ன் ஸித்ரா, 21 அக்டோபர்

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

குளம்பில் கல் இருந்தது. அதை அங்கே அனுப்பியது எது என்று அப்பா கேட்கிறார்.

நடந்தது எனக்குத் தெரியும். கட்டிகள் நின்றால் எங்கள் சினை ஆடுகள் பனிக்காலத்தைத் தாண்டா. அதனால் சொல்லத் துடிக்கிறேன். ஆனால் நான் சொல்வதும் பலகையில் ஏறிவிட்டால்? நீங்கள் எங்களிடம் கையெழுத்து வாங்கிய தாளை மறுபடி படித்தேன். ஆடுகளை எடை போட அனுமதி கொடுத்திருக்கிறோம். எடையை ஊருக்குச் சொல்ல அனுமதி எந்த வரியிலும் இல்லை.

ஆகவே எங்கள் சம்மதமில்லாமல் எதையும் வெளியே சொல்வதில்லை என்று உங்களுக்கும் ஒரு தாள் எழுதி இணைத்திருக்கிறேன். கடினமான சொற்களை அகராதியில் பார்த்துத்தான் எழுதினேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அவசரமில்லை என்று மரியாதையாக முடிக்க ஆசை. ஆனால் அவசரம்.

பணிவுடன்,
சுந்துஸ்

ஆட்டு ஆராய்ச்சி நிலையம், 29 அக்டோபர்

அன்புச் சுந்துஸ்,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இயக்குநரிடம் காட்டினேன். சிரித்தார். இரண்டாம் முறை படித்தார். அப்புறம் சிரிக்கவில்லை, அவரும் கையெழுத்துப் போட்டார்.

தவறு எங்களுடையதுதான். பலகையை நேற்று வந்து நானே கழற்றினேன். “எங்க மாட்டுறதுன்னு எங்களயும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல டாக்டரம்மா?” என்றார் கடைக்காரர். இனி பெயருக்குப் பதில் குறிதான். ஒரு வீட்டின் எடை அந்த வீட்டுக்கு மட்டும்தான் சொல்லப்படும். இப்போதாவது சொல்.

ராவ்தா

அய்ன் ஸித்ரா, 5 நவம்பர்

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் கையெழுத்தைத் தெருவின் பொது ரொட்டி அடுப்படியில் பெண்களிடம் காட்டி, சொல்லலாமா என்று கேட்டேன். “சொல்லித் தொலைடி, கட்டி நின்னா ஆட்டுக்கு நீயா வைப்ப?” என்றார் ஜாஸியா மாமி. அவரும் ஒப்புக்கொண்ட பிறகே எழுதுகிறேன்.

பலகைக்குப் பிறகு, கண்ணுக்குப் பயந்து எல்லோரும் கொழுத்த ஆடுகளை ஓடைக்கு அப்பால் ஒளித்துவிட்டார்கள். எடை போட நின்றவை கிழடும் நோஞ்சானும். அவற்றிலும் மிக இளைத்த ஒரு பெட்டையாடு எல்லா வீட்டுக்கும் போனது. உங்கள் பணியாளர் ஒரு வீட்டில் தேநீர் குடித்து முடிப்பதற்குள், அதைப் பின்சுவர் வழியாக அடுத்த வீட்டுக்கு இறக்கி, கழுத்தில் அந்த வீட்டு எண் வில்லையைக் கட்டிவிடுவார்கள். முரண்டு பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கை பார்லி. தெருக்கோடியில் அது தானாகவே சுவர் ஏறிக் குதித்தது. யாரும் இழுக்காமல் தராசில் ஏறி நின்று பார்லிக்காகத் திரும்பிப் பார்த்தது. உங்கள் பணியாளர், “நல்லாப் பழக்கி வெச்சிருக்கீங்க” என்று பாராட்டினார்.

மறுபடி எடை போட வாருங்கள். இந்த முறை உண்மையான ஆடுகள் நிற்கும்.

பணிவுடன்,
சுந்துஸ்

அய்ன் ஸித்ரா, 27 நவம்பர்

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

வசந்தம் வரை கட்டிகள் வரும் என்ற செய்தி கிடைத்தது. அம்மா அழுதார். அப்பா, “நான் அப்பவே சொன்னேன்” என்றார். எதைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

எடை போட வந்த அன்று வாசலில் நீங்கள் கேட்டதைப் பெண்களிடம் கேட்டேன். எங்கள் கதையை நீங்கள் தலைநகர் தூனிஸில் நடக்கும் ஆராய்ச்சிக் கூட்டத்தில் சொல்லலாம்; முழுச் சம்மதம். ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லலாம் என்கிறார் கடைக்காரர். ஆனால் அந்தப் பெட்டையாட்டின் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள் என்று ஜாஸியா மாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தெருவெல்லாம் தின்ற பார்லியில் அது நன்றாகத் தேறி, இப்போது சினையாக இருக்கிறது. கண் பட்டுவிடும்.

பணிவுடன்,
சுந்துஸ்