டார்ச்சுக்கு ஏசி

2.2.2025, ஞாயிறு. காலை 10.40. மூன்றாவது லேசர் டயோடும் போய்விட்டது.

இருபது விநாடி. அதற்குமேல் எதுவும் தாங்கவில்லை. நீலக் கதிர் பிளைவுட்டில் கருப்பாக ஒரு புள்ளி வைக்கிறது, புகை வருகிறது, அதற்குள் டயோடு சூடேறி மங்கிவிடுகிறது. கையில் பிடிக்கிற அளவில் ஒரு லேசர், நிற்காமல் எரிய வேண்டும் — அவ்வளவுதான் கேட்கிறேன். ஒரகடத்தில் லேசர் வெல்டிங் செல்லை, அதாவது கதவு போட்ட வெல்டிங் கூண்டை, குளிரவைக்கிற சில்லர் மெஷினைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. கம்பெனி லேசரைக் குளிரவைக்கத் தெரிந்தவனுக்குத் தன் லேசரைக் குளிரவைக்கத் தெரியவில்லை என்றால் டிப்ளமோவைக் கிழித்துப் போடலாம்.

மாடி வீட்டு சக்திகுமார் எட்டிப் பார்த்தான். எங்கள் கம்பெனியிலேயே கார் கதவுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் லைனில் அவன் இன்ஸ்பெக்‌ஷன். கண்ணுக்குத் தப்பி ஒரு தூசி போகாது. காண்ட்ராக்ட்தான், ஏப்ரலில் நிரந்தரம் ஆக வேண்டியவன்.

“இன்னா ஜெப்பு, இதுக்கும் பால் ஊத்தியாச்சா?”

“பெல்டியர் வருது. ஃபேனோட சேத்து வெக்கப்போறேன். ஐஸ் மாதிரி நிக்கும்.”

“டார்ச் லைட்டுக்கு ஏசியா? என் வூட்ல ஃபேனே ஒழுங்கா சுத்தல.”

9.2.2025, ஞாயிறு

பெல்டியர் வந்தது. கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் ஐஸ், ஒரு பக்கம் அடுப்பு. டயோடின் சூட்டை இழுக்கிற செப்புக் கட்டையை அரத்தால் ராவி முடிப்பதற்குள் ஞாயிறு போயிற்று.

12.2.2025

வழக்கம்போல் சக்தி பைக்கில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனேன். என்னை ஓட்ட விடமாட்டான். “நீ அவசரக்குடுக்கை. லாரிக்கு அடில வுட்ருவ.” வாலாஜாபாத் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவன் ஓட்டுவதைப் பார்த்தால் சொன்னது சரிதான்.

16.2.2025, ஞாயிறு

எரிந்தது. நிற்காமல் நான்கு நிமிடம். டயோடு 24 டிகிரியைத் தாண்டவில்லை. முதல் தடவையாக —

இல்லை, ஒழுங்காக எழுதுகிறேன். சக்தி ஓ.டி. முடித்து டிபன் பாக்ஸோடு நேராக என் அறைக்கு வந்தான். நீலக் கதிரைத் தடுக்கிற கண்ணாடி என்னிடம் ஒன்றுதான். அதை நான் போட்டிருந்தேன். அவன் சட்டைப் பையிலிருந்து கம்பெனி சேஃப்டி கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டான். “நாங்களும் போட்டுட்டோம்ல.” தூள் தெறித்தால் தடுக்கிற வெள்ளைக் கண்ணாடி அது. கதிர் அதில் நேராகப் போகும். எனக்குத் தெரியும். சுவர்ப் பக்கம்தானே அடிக்கிறேன் என்று பட்டனை அழுத்தினேன்.

இருபது விநாடியில் பிளைவுட் ஓட்டை ஆனதே இல்லை. இன்று நான்காவது நிமிடத்தில் ஆனது. பின்னால், அவன் கொண்டுவந்து வைத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸின் மூடி. கதிர் அதில் பட்டுத் திரும்பியது.

“கண்ணுல மின்னல் வெட்னாப்ல கீதுடா,” என்றான். கொஞ்ச நேரம் தேய்த்தான். பிறகு சிரித்தான். “உன் ஏசி வேல செய்யுதுபா.”

17.2.2025

சக்திக்கு வலது கண்ணில் ஏதோ கிடக்கிறதாம். கழுவியும் போகவில்லையாம். தூசியா இருக்கும் என்றேன்.

20.2.2025, வியாழன்

சக்தி இன்று வரிசையாக ஒன்பது கதவுகளை ரிஜெக்ட் செய்திருக்கிறான். எல்லாவற்றிலும் தூசி என்று. சூப்பர்வைசர் ரகுபதி சார் மறுபடி பார்த்தால் ஒன்றில்கூட இல்லை. கேன்டீனில் மெதுவாகச் சொன்னான்: “கதவுல இல்ல ஜெப்பு. நான் எங்க பாக்குறனோ அங்க வந்து நிக்குது. உன் மூஞ்சிலயும் கீது.”

அன்றைக்கு மூடியில் பட்டுத் திரும்பிய கதிர்தான்.

சூடாகி அணைந்துபோனதே, அதுதான் அந்த லேசருக்கு இருந்த ஒரே காவல். கம்பெனி செல்லில் கதவைத் திறந்தாலே லேசர் அணைந்துவிடும். நான் என்ன வைத்தேன்? டயோடைக் குளிரவெச்சேன். பக்கத்துல நின்ன ஆளைப் பாத்தேனா?

22.2.2025, சனி

தாம்பரத்தில் கண் ஆஸ்பத்திரி. சக்தி, அவன் மனைவி பிரவீனா, நான்.

“கம்பெனில வெல்டிங் பாத்துட்டேன் மேடம்,” என்றான் சக்தி. என் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டர் நம்பவில்லை. “வெல்டிங்னா ரெண்டு கண்ணும் கலங்கியிருக்கும். இது ஒரு கண்ணுல நடுவுல மட்டும் வெந்திருக்கு. முழுசா திரும்பி வராது. வேற எதையாவது பாத்தீங்களா?”

“இல்ல மேடம்.”

நான் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிவரை தெரிந்தது.

வெளியே வந்ததும் பிரவீனா, “திங்கக்கெழம நானே போயி அந்த ரகுபதி சாரைக் கேக்குறேண்ணா. சரியான கண்ணாடி குடுக்காம எப்பிடி நிக்க வெச்சாங்க? நீங்க சாட்சிக்கு வாங்க,” என்றாள். சரி என்றேன்.

சரின்னு சொன்னேனே. பெயிண்ட் லைனில் வெல்டிங்கே கிடையாது. அவள் போய் நின்றால் பொய் சொன்னவன் என்று சக்தியைத்தான் வெளியே அனுப்புவார்கள்.

23.2.2025, ஞாயிறு

காலையில் மாடிக்குப் போய்ப் பிரவீனாவிடம் சொல்லிவிட்டேன். லேசரையும் எடுத்துப் போயிருந்தேன். எதற்கென்று தெரியவில்லை.

“வுடு பிரவீ, நாந்தானே போய் நின்னேன்,” என்றான் சக்தி.

அவள் அவனைப் பார்க்கவில்லை. “ஒரே ஒரு கண்ணாடிதான் இருந்துச்சா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

“அத நீங்க போட்டுக்கினீங்க.”

அண்ணா என்று சொல்லவில்லை.

இனி:

1. டயோடைக் கழற்றி நசுக்குவது. செப்புக் கட்டை மட்டும் மேசைமேல் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும்.

2. நாளை டாக்டரிடம் எத்தனை வாட், எவ்வளவு தூரம், எல்லாவற்றையும் என் வாயால் சொல்வது.

3. பிறகு ரகுபதி சாரிடம். முதலில் என் பெயர். அப்புறம், கண்ணை நம்பி இருக்காத வேறு வேலை ஏதாவது சக்திக்கு. பேக்கிங் ஆனாலும் சரி.

4. பைக் சாவியைச் சக்தி என் கையில் கொடுத்துவிட்டான். மெதுவாக ஓட்ட வேண்டும்.