ஷிபானா பாடிய என் பாட்டு

வெள்ளிக்கிழமை, இரவு.

ஞாயிற்றுக்கிழமை கண்டியில், நான் பாடும் எங்கள் ராக் குழுவின் கச்சேரி. எங்களுக்கு முன்னால், திகனயிலிருந்து வரும் ஷிபானாவின் குழு கொஞ்ச நேரம் வாசிக்கும். அப்படித்தான் பேச்சு.

இன்று கடுகண்ணாவையில் ஒத்திகை. நான் முந்திப் போய்விட்டேன். படியேறும்போதே உள்ளே என் புதுப் பாட்டு கேட்டது. மலையில் மூட்டம் இறங்குவது போல மெதுவாகத் தொடங்கும் அந்தப் பாட்டை வெளியாள் யாரும் கேட்டதில்லை. பாடியது ஷிபானா. டிரம்ஸ் வாசித்தது எங்கள் குழுவின் டிரம்மர், என் அண்ணன் சுரேஷ். கதவைத் திறந்ததும் இருவரும் நிறுத்திவிட்டார்கள்.

"சும்மா சவுண்ட் பார்த்தோம்" என்றான் அண்ணன். ஷிபானா குனிந்து மைக் வயரைச் சுருட்டத் தொடங்கினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏண்ணே, என் பாட்ட அவளுக்கு எதுக்குச் சொல்லிக் குடுத்த?"

"ஒன் தொண்ட சரியில்ல. நீ மறைச்சாலும் எனக்கு வெளங்குது. மேடையில அடச்சிக்கிட்டா என்னா செய்றது?"

டாக்டரிடம் போனதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

"இந்தக் கச்சேரிக்கு மட்டுந்தானே?"

"இப்போதைக்கு" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எத்தனை நாளாக இந்தப் பாட்டைப் பாடிப் பழகுகிறார்கள்? குழுவில் மற்றவர்களுக்கும் தெரியுமா? என் தொண்டைக்காகவா, இல்லை அதைச் சாக்காக வைத்தா?

சற்று முன் அந்தப் பாட்டில் குரல் உச்சத்துக்கு ஏறும் இடத்தை மெதுவாகப் பாடிப் பார்த்தேன். குரல் உடைந்தது. பக்கத்து அறையில் மேசையில் தாளம் தட்டிக்கொண்டிருந்த அண்ணனின் விரல்கள் அப்படியே நின்றன.